சூட்டறையில் இருவர்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'டுமீல்' என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் கிளம்பும்வரை துப்பாக்கி சுடுவதே ஒருத்திக்கு வேலை என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாகச் செய்யும் கைத்துப்பாக்கிகளை வெயிலிலும் புழுதியிலும் ஈரத்திலும் போட்டுச் சுட்டு, எங்கே மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் பொறுப்பு. இயந்திரவியல் படித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அவளுடைய அக்கா புருஷன்.

அத்தான்தான் அங்கே தலைமை வடிவமைப்பாளர். முதுகுக்குப் பின்னால் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: பிஸ்டன். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வேலை அவர் வாங்கிக்கொடுத்தது. குடியிருப்பது அவர் வீட்டு மாடி. போக வர அவருடைய கார். தொழிற்சாலை கேட்டுக்குள்ளே 'சார்', வெளியே வந்தால் 'அத்தான்'. "எந்நேரமும் ஒரே ஆளோட மூஞ்சியில முழிக்கிறியே, சலிக்கலையா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்யும்போது சிரித்து மழுப்புவாள். அவர் நல்லவர், குரலை உயர்த்திப் பேசமாட்டார். அதனாலேயே அவர் சொல்வதை மறுக்க வாய் வராது. சில நாள் காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது காரணமில்லாமல் மூச்சு முட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொள்வாள். "ஏசி ஓடுதும்மா," என்பார் அவர். ஏற்றிவிடுவாள்.

பிஸ்டன் என்ற பெயர் அவருடைய புதுத் துப்பாக்கியால் வந்தது. அது அக்காவுக்காகப் பிறந்த துப்பாக்கி.

அக்கா போலீஸில் இருந்தாள். சின்னக் கை, மெலிந்த மணிக்கட்டு. துப்பாக்கியின் மேல்பகுதியை ஸ்லைடு என்பார்கள். அதைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். துறை கொடுத்த துப்பாக்கியில் அதை இழுக்க அக்கா ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டுவாள். ஒரு வருடம் சுடும் தேர்வில் தேறாமல்போகவே, அவளைத் தெருப்பணியிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்காரவைத்துவிட்டார்கள். "இந்தக் கையை வெட்டிப் போட்டுட்டு வேற கை வெச்சுக்கவா?" என்று அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அத்தான் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய தாளை விரித்துக் கோடு போட ஆரம்பித்தார்.

சுடும்போது வெடிமருந்து எரிந்து கிளம்பும் வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் ஸ்லைடு திறந்துகொண்டால் ஆபத்து. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்காவது அதைப் பிடித்துவைக்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளில் குழலே லேசாக அசைந்து ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும். அத்தானுடையதில் குழல் அசையாது. தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் குழலில் ஓர் ஊசித்துளை. வாயுவில் கொஞ்சம் அதன் வழியாகக் கீழே இருக்கும் சின்ன உருளைக்குள் புகுந்து, ஸ்லைடோடு கோத்த பிஸ்டனை எதிர்ப்பக்கம் தள்ளும். ஸ்லைடைத் திறக்கப் பார்ப்பதும் அந்த வாயுதான், திறக்கவிடாமல் தடுப்பதும் அதுதான். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் பிஸ்டன் வழிவிடும். இந்த ஏற்பாட்டால் ஸ்பிரிங் மெலிதாக இருந்தாலே போதும். சின்னக் கையாலும் சுலபமாக இழுக்கலாம். உதை குறைவு. குழல் அசையாததால் குறியும் பிசகாது.

டுமீலுக்கு அந்தத் துப்பாக்கி மேல் கொள்ளை ஆசை. முதல் நாள் சுட்டுவிட்டு, "வெண்ணெய் மாதிரி இருக்கு சார்," என்று சொன்னது வாய் வார்த்தைக்காக அல்ல. நல்ல தோட்டா போட்டுச் சுட்டவரை அது ஒரு தடவைகூட நின்றதில்லை.

சிக்கல் தோட்டாவில் வந்தது. வாங்க முன்வந்த காவல் துறை, தன் கிடங்கில் இருக்கும் தோட்டாக்களைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்றது. மட்டமான மருந்து, மேலுறை இல்லாத ஈயக்குண்டு. ஊசித்துளை வழியாக வாயுவோடு கரியும் ஈயத்தூளும் சேர்ந்து போய் உருளைக்குள் அப்பிக்கொண்டன. காரில் போகும்போது அவள் இதைச் சொன்னாள்.

"தொடச்சு வெச்சா போச்சு," என்றார் அத்தான்.

"போலீஸ்காரங்க தினமும் தொடைப்பாங்களா அத்தான்?"

"உங்க அக்கா தொடைப்பா."

"எல்லாரும் அக்கா ஆயிடுவாங்களா?"

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கடைசிச் சோதனை சூட்டறையில். சுரங்கம்போல் நீண்ட அறை அது. ஒரு முனையில் சுடும் மேசை, மறுமுனையில் மணல்மேடு. சுவரெல்லாம் ஹீட்டர். கோடையின் உச்சத்தில் வெயிலில் நின்று சுடுவதைவிட மோசமாக இருக்கும். கனத்த இரும்புக் கதவு. ஸ்பிரிங் வைத்தது, விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும். மேசையில் இருக்கும் துப்பாக்கியின் ஸ்லைடு திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று தெரிந்தால்தான் பூட்டு விடும். அவசரமென்றால் வெளியிலிருந்து விரல்ரேகை வைத்துத் திறக்கலாம். அத்தானின் விரலுக்கும் மேனேஜரின் விரலுக்கும் மட்டுமே அது திறக்கும். உள்ளேயும் அவசரத்துக்கு ஒரு சிவப்புக் கைப்பிடி உண்டு. அதன் கம்பி அறுந்துபோயிருந்தது. புதுக்கம்பி வருது வருது என்று பராமரிப்புப் பகுதியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பக்கச் சுவரில் தடித்த கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் அத்தானும், காவல் துறையிலிருந்து வந்த சோதனை அதிகாரியும், மைக் ஆபரேட்டரும் இருந்தார்கள். ஓயாமல் பேசும் ஆபரேட்டருக்கு 'வானொலி' என்று பெயர்.

ஹீட்டர்கள் முழுவீச்சில் ஓட, துடைக்காமல், இடைவெளி விடாமல் சுட வேண்டும். தோட்டா அடுக்கிய மேகசின்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிச் சுட்டாள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வழுக்கின. விசைக்கு நேர் மேலே இருந்த உருளை கொதித்தது. விரலை உள்ளே நுழைக்கும்போதெல்லாம் தோசைக்கல்லைத் தொடப்போவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றையும் கவனித்தாள். சுட்டதும் 'சடக்' என்று போய் வந்துகொண்டிருந்த ஸ்லைடு இப்போது சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது.

"சார், ஸ்லைடு மெதுவா வருது. நிறுத்திடவா?"

கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி போனைக் காதில் வைத்தபடி தாழ்வாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அத்தான் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னும் ஒரே ஒரு மேகசின். முடிஞ்சிரும்."

"முன்னாடி போறப்ப இழுக்குது சார். உள்ளே கரி கட்டியிருக்கு."

"நான் பாத்துக்கறேன். நீ சுடு."

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் சுடுகிறவளுக்கு உண்டு. ஆனால் அவர் 'நான் பாத்துக்கறேன்' என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மாடி அறையின் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதிலிருந்து வேலை வாங்கியதுவரை அவர் பார்த்துக்கொண்டவைதான். சுட்டாள். மறுபடி சுட்டாள். அடுத்த தடவை விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை.

துப்பாக்கியை மணல்மேட்டை நோக்கிப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். ஸ்லைடு முன்னால் போய் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு, முழுதாக மூடுவதற்கு நகக்கண் அளவு இருக்கையில் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கரியில் பிஸ்டன் இறுகிவிட்டது. சின்னக் கைக்காக மெலிதாக வைத்த ஸ்பிரிங்குக்கு அந்தக் கரியைத் தள்ளிக்கொண்டு போகத் தெம்பில்லை.

மேகசினைக் கழற்றினாள். துப்பாக்கியை மேசையிலிருந்த தாங்கியில் மணலைப் பார்க்கவைத்துவிட்டு, பின்சுவர்வரை நகர்ந்து வந்தாள்.

"சார், ஜாம் ஆயிருச்சு. உள்ளே தோட்டா இருக்கு. முழுசா மூடலை. கதவைத் திறங்க."

வானொலியின் முகம் மாறிவிட்டது. அத்தான் கண்ணாடியில் நெற்றி முட்டும்படி நின்று மேசையைப் பார்த்தார்.

கொதிக்கும் குழலுக்குள் உட்கார்ந்திருக்கும் தோட்டா, விசையை யாரும் தொடாமலேயே வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். முழுதாக மூடியிருக்கும்போது வெடித்தால் குண்டு மணலில் போய்ப் புதையும், அவ்வளவுதான். இப்படி நகக்கண் அளவு திறந்திருக்கும்போது வெடித்தால் பித்தளை உறை பின்பக்கமாகக் கிழிந்து எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. இது அவளுக்குத் தெரியும். அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரப்பர் சுத்தியல் அங்கேயே இருக்கு," என்றது ஒலிபெருக்கி. "பின்னாடி லேசா ஒரு தட்டு தட்டினா மூடிக்கும். மூடினதும் மணல்ல சுட்டுட்டு வந்துடு. அந்த ஆளு போன் பேசி முடிக்கிறதுக்குள்ள முடிச்சிரலாம்."

"தட்டமாட்டேன்."

"ஒரே தட்டு."

"தட்டமாட்டேன் அத்தான். கதவைத் திறங்க."

மைக்கில் 'அத்தான்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் கவனித்தாள். சிவப்புக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். தெரிந்தும் இழுத்தாள். அது அறுந்த பட்டத்து நூல்போல் தொளதொளவென்று கையோடு வந்தது. அறை சுருங்கி வருவதுபோல் தோன்றியது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சுவரும் சுட்டது.

கண்ணாடிக்கு அப்பால் அத்தானைக் காணோம். 'வர்றார்' என்று வானொலி கையைக் காட்டினார். வெளியே 'க்ளிக்' என்று சத்தம். கதவு திறந்தது; குளிர்ந்த காற்று ஒரு வாய் உள்ளே வந்தது. வாசலில் அத்தான்.

"கதவைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை நேராக மேசைக்குப் போயிற்று. பார்வை போன வழியிலேயே காலும் போயிற்று. கை கதவை விட்டுவிட்டது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் கனத்த கதவு அவள் விரல்நுனியை உரசிக்கொண்டு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

அந்தக் கதவைத் திறக்கும் விரல்கள் இரண்டு பேருடையவை. ஒருவர் நகரத்தின் மறுகோடியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மற்றவர் இதோ உள்ளே.

"கதவு..." என்று திரும்பினார் அத்தான்.

"சாத்திருச்சு," என்றாள். அழுகை வந்தது. "என்னை வெளியே விடத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன்."

வானொலி மைக்கில், "ஹீட்டரையெல்லாம் நிறுத்திட்டேன், மேனேஜருக்குப் போன் போட்டுட்டேன், கெளம்பிட்டாராம், பயப்படாதீங்க, தண்ணி ஏதாவது வேணுமா?" என்று மூச்சுவிடாமல் சொன்னார். தண்ணீரை எந்த வழியாகக் கொடுப்பார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அத்தான் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேசைக்குக் குனிந்தார். அவள் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அவரை அவள் தொட்டதில்லை.

"விடு. இது நான் பண்ணினது. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். எவ்வளவு தெறந்திருக்குன்னு நல்லா பாருங்க. வேற யாரோ பண்ணின துப்பாக்கின்னு நெனச்சுக்கிட்டுப் பாருங்க. தட்டுவீங்களா?"

அவர் பார்த்தார். முகத்தை நெருக்கிக்கொண்டுபோய்ப் பார்த்தார். அனல் அடித்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணை மூடித் திறந்தார். பிறகு சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மூலையில் பழைய குறிப்பலகைகள் வைக்கும் இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. இருவரும் சேர்ந்து அதை இழுத்து அறைக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உட்கார அங்கே இடம் போதாது. முழங்கால்கள் இடித்தன. ஹீட்டர் நின்றும் சுவர்கள் தேக்கிவைத்திருந்த சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

"தோட்டா சரியில்லை," என்றார் மெதுவாக. "அதிகாரிகிட்ட அதைச் சொல்லணும்."

"சரியில்லைதான். ஆனா அவங்ககிட்ட இருக்கறது அந்தத் தோட்டாதானே? நாளைக்கு நல்லது வாங்குவாங்களா?"

"நீ நிறுத்தவான்னு கேட்டப்ப அந்த ஆளு வெளியே இருந்தார், இல்ல?"

"வானொலி காதுல விழுந்திருக்கும்."

"வானொலி எதுவும் சொல்லமாட்டார்."

ஊரெல்லாம் பேசுகிற மனிதரைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது வேறு நேரமாயிருந்தால் சிரிப்பை வரவழைத்திருக்கும். அவர் அடுத்ததாக என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையைவிட அந்தக் கேள்விதான் நெருக்கியது. மாடி வீடு, கார், அக்காவின் முகம் எல்லாம் அலமாரிக்குப் பின்னால் வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

"நீ...?" என்று அவர் ஆரம்பித்தார்.

அப்போது வெடித்தது.

அந்த மூடிய அறையில் மண்டைக்குள் அறைந்தது சத்தம். உலோகம் சுவரில் மோதிச் சிதறும் ஒலி. அலமாரியின் தகடு 'டங்'கென்று அதிர்ந்தது. பிறகு புகை, கரிந்த எண்ணெயின் நாற்றம், காதில் ஒரே ரீங்காரம்.

அத்தான்தான் முதலில் எழுந்தார். மேசைமேல் துப்பாக்கி பக்கவாட்டில் புரண்டு கிடந்தது. கைப்பிடியின் ஒரு பக்கம் பிளந்து, உள்ளிருந்தது வெளியே தெரிந்தது. பின்சுவரில், மேசைக்குக் குனிந்து நிற்கும் ஆளின் முகம் எங்கே இருக்குமோ அதே உயரத்தில், கிழிந்த பித்தளைத் துண்டு ஒன்று காரைக்குள் செருகிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

வெடித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் உடைந்துபோன துப்பாக்கியின் ஸ்லைடு திறக்கவில்லை. தோட்டா இல்லை என்று பூட்டுக்கு யார் சொல்வது? கதவு அசையவில்லை. புகை போக வழியில்லை. அதுவரை தைரியமாக இருந்த அத்தான் அப்போதுதான் உடைந்தார். கதவை இரண்டு கைகளாலும் அறைந்தார். "திறங்கடா! எவனாவது திறங்கடா!" என்று, குரலை உயர்த்தியே அறியாத மனிதர், கத்தினார். மூச்சு வாங்கியது. விரல்நகத்தால் கதவின் ரப்பர் விளிம்பைப் பிறாண்டினார்.

அவளுக்கும் அப்படித்தான் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கத்த அந்த அறையில் காற்று இல்லை.

"கீழே படுங்க. கதவுக்கு அடியில கொஞ்சம் காத்து வருது. மூக்கை அங்க வெச்சுக்கோங்க."

"முடியல... முடியலம்மா..."

"முடியும். பேசாம படுங்க!"

அதட்டியதும் படுத்தார். குழந்தைபோல் படுத்தார். அவளும் எதிர்ப்பக்கம் படுத்து, கதவின் அடியில் மயிரிழை போன்ற இடுக்கில் மூக்கை வைத்தாள். இருவர் தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஆட்களின் செருப்புச் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், கடப்பாரையோ எதுவோ கதவில் மோதும் சத்தம். வானொலியின் குரல் மட்டும், "வந்துட்டார், வண்டியை நிறுத்தறார், படியேறிட்டார்" என்று ஓட்டப்பந்தய வர்ணனைபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதற்கு வெகுநேரம் கழித்துத்தான் மேனேஜர் உண்மையில் வந்தார். அதுவரை இருவரையும் தேற்ற வானொலி பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

கதவு திறந்தது. தவழ்ந்தே வெளியே வந்தார்கள்.

தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சோதனை அதிகாரி அறைக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து அவள் எதிரே நின்றார். கடுமையாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஸ்லைடு இழுக்குதுன்னு உனக்கு முன்னாடியே தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார்."

"அப்புறம் ஏன் சுட்டே?"

அத்தான் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானொலி தன் வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளிக்கலாம். கவனக்குறைவு என்று சொன்னால் ஒரு கண்டிப்போடு போய்விடும். வீடு வீடாகவே இருக்கும். துப்பாக்கி நல்ல துப்பாக்கியாகவே வெளியே போகும். யாருடைய இடுப்பிலாவது ஏறும்.

"நிறுத்தவான்னு கேட்டேன். சுடுன்னாங்க. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்," என்றாள்.

"யாரு சொன்னது?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"நான்," என்றார் அத்தான், டம்ளருக்குள்ளேயே பேசுவதுபோல். "அவ ரெண்டு தடவை சொன்னா. நான்தான் கேக்கலை."

அன்று சாயங்காலம் ஒரே காரில்தான் வீடு திரும்பினார்கள். அவள் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். அவர் ஏசியைப் போடவே இல்லை.

வீட்டில் அக்கா அதை அப்படியே விடவில்லை. "உயிரோட வந்தீங்களே, அது போதும்" என்று இருவரையும் கட்டிக்கொண்டு அழுதவள், முழுக்கதையும் கேட்ட பிறகு தங்கையை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"நீ அவரைக் காட்டிக்குடுத்துட்டே."

"நான் பேரைச் சொல்லலைக்கா."

"பேரைச் சொல்லலை! அந்த இடத்துல வேற யாரு இருந்தாங்க? முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவர்கிட்ட பேசியிருப்பேன்ல? எனக்காக ராப்பகலா உக்காந்து பண்ணினார்டி."

"உனக்காகப் பண்ணினார். அது உன் கையிலயே வெடிச்சிருந்தா?"

அக்கா விறுவிறுவென்று கீழே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் மெல்ல நடந்தார்கள். சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளவும் குழம்பைக் கேட்கவும் மட்டும் பேசிக்கொண்டார்கள். அத்தான் அவளிடம் பழையபடிதான் இருந்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாடி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாலும் சூட்டறையிலேயே படுத்திருப்பதுபோல் இருந்தது. ஒரு வாரக்கடைசியில் வேறு பகுதியில் ஓர் அறை பார்த்துக் குடிபோனாள். பெட்டியை இறக்கிக் காரில் வைத்தவர் அத்தான்தான். "அங்கே தண்ணி ஒழுங்கா வருமா?" என்று மட்டும் கேட்டார்.

காவல் துறை அந்தத் துப்பாக்கியை வாங்கவில்லை. சூட்டறையைச் சோதித்தவர்கள் மேனேஜரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டுப் போனார்கள். அத்தானைத் தலைமைப் பொறுப்பிலிருந்து சில மாதம் ஒதுக்கிவைத்தார்கள். அந்த மாதங்களில் அவர் தினமும் டுமீலின் சோதனைக்கூடத்துக்கு வந்து ஓரமாக நிற்பார். உருளையைக் கழற்றித் துடைக்கச் சுலபமாக மாற்றினார். துளையை மாற்றிப் பார்த்தார். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கூட்டினார். கூட்டியதும் சின்னக் கைக்கு அது பழையபடி கடினமானது. குறைத்தால் கரி ஜெயித்தது. மட்டமான தோட்டாவோடு அந்தத் துப்பாக்கி ஒத்துப்போகவே இல்லை. "நிறுத்திடவா?" என்று அவள் கேட்டால் இப்போதெல்லாம் அவர் உடனே தலையாட்டினார்.

ஒரு நாள் அக்காவே வந்தாள். தங்கையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "எனக்குன்னு பண்ணினதை நான் ஒரு தடவைகூட சுட்டதில்லையே, குடு," என்றாள். சுத்தமாகத் துடைத்த துப்பாக்கியும் நல்ல தோட்டாவும் கொடுத்தார்கள். அக்கா ஸ்லைடை இழுத்தாள். சீப்பை எடுத்துத் தலை வாருவதுபோல் அவ்வளவு சுலபமாக இழுத்தாள். மேகசின் முழுவதையும் சுட்டாள். காகிதத்தின் நடுவில் ஒரே பொத்தலாக விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது, கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு நல்லா இருக்குங்க," என்றாள் அத்தானிடம். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இதை இடுப்புல சொருகிட்டு நான் தெருவுல நிக்கமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு அந்தத் துப்பாக்கி போட்டிகளில் சுடுகிறவர்களுக்காக விற்பனைக்குப் போயிற்று. நல்ல தோட்டா வாங்கி, சுட்டு முடித்ததும் உட்கார்ந்து பக்குவமாகத் துடைத்து வைக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அத்தான் அதைப் பற்றிப் பேசமாட்டார். யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

டுமீல் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள். விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவதுண்டு. அப்படிப் போயிருந்த ஒரு மதியம், அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே அலுத்துக்கொண்டாள்.

"உங்க அத்தானுக்கு என்னதான் ஆச்சோ தெரியலை. குளிக்கப்போனா தாழ்ப்பாளே போடறதில்லை. கதவைச் சாத்தறதுகூடக் கெடையாது. கூச்சநாச்சம் வேண்டாமா? கதவு சாத்திக்காம இருக்க ஒரு வாளியை முட்டுக்குடுத்து வெச்சுட்டுக் குளிக்கறார்."

டுமீல் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அவருமா?" என்றாள்.